குடியேற்றமும் கூலியும்: கருத்தரங்கக் கட்டுரையில் அரசியலை எங்கே வைப்பது?

மூன்றாம்பருவம்:

எம்.ஏ. பொருளியல் கருத்தரங்கக் கட்டுரை. 2500 சொல், தமிழில். கொடுத்திருக்கும் தலைப்பு: ‘குடியேற்றம் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் குறைக்கிறதா? அரசியல், பொருளாதார நோக்கில் ஆராய்க.’

வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பொருளியல் தாளில் அரசியல் எழுதினால் மார்க் போய்விடும், தேவை–அளிப்புக் கோடு வரைந்து நாலு அட்டவணை போட்டு முடி என்பது ஒரு பக்கம். டிரம்ப்பும் பிரெக்ஸிட்டும் இல்லாமல் இந்தத் தலைப்பே கிடையாது என்பது இன்னொரு பக்கம். சொந்தமாக எதுவும் சொல்லாமல் இரு தரப்பு வாதத்தையும் சமமாக எடுத்து வைத்துவிட்டால் பிரச்சினை வராது என்று மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு.

கையில் இருக்கும் வரைவு: குடியேற்ற வரலாறு 500 சொல், நன்மைகள் 800, தீமைகள் 800, முடிவுரை 400. வாசித்தால் பள்ளிக்கூடப் பொதுக்கட்டுரை மாதிரி இருக்கிறது. கோளாறு எங்கே? எந்த நாட்டு வழக்கை எடுக்கலாம்? அரசியலை எந்த இடத்தில் கொண்டுவருவது?

---

சிவப்புமை:

கோளாறு ‘நன்மைகள்’, ‘தீமைகள்’ என்ற அந்த இரண்டு உபதலைப்பிலேயே இருக்கிறது. யாருக்கு நன்மை? ஓட்டல் முதலாளிக்கு ஆள் சுலபமாகக் கிடைத்தால் அது நன்மைப் பட்டியலில் போகும். அதே ஓட்டலில் ஏற்கெனவே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவருக்குக் கூலி ஏறாமல் நின்றால் அது தீமைப் பட்டியலில் போகும். நடந்தது ஒரே விஷயம்தான். அதை வெட்டி இரண்டு மூலையில் வைத்தால் அதன் பொருளாதாரம் தொலைந்துவிடும். பட்டியலைத் தூக்கிவிட்டு யாருக்கு, எந்தச் சந்தையில், எவ்வளவு காலத்தில் என்ற மூன்று கேள்வியை வைத்து எழுதுங்கள்.

வரலாறு 500 சொல் வேண்டாம். ‘ஆதிகாலந்தொட்டே மனிதன் இடம்பெயர்ந்து வருகிறான்’ என்று தொடங்கும் கட்டுரை ஒரு விடைத்தாள் கட்டுக்குள் குறைந்தது பத்து இருக்கும்.

வழக்குக்கு, கியூபாவிலிருந்து அமெரிக்காவின் மியாமிக்கு நடந்த 1980 மாரியல் படகு வருகையை எடுங்கள். ஏன் அது என்பதைக் கட்டுரையிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆய்வுமுறை முழுவதும் அந்தக் காரணத்தில்தான் நிற்கிறது. பொதுவாகக் குடியேறுபவர்கள் வேலை பெருகும் ஊருக்குத்தான் போவார்கள். ஆகவே குடியேறியோர் அதிகமுள்ள ஊரில் கூலியும் அதிகமாகத் தெரியும். அதைப் பார்த்து ‘குடியேற்றம் கூலியை உயர்த்துகிறது’ என்று எழுதினால் காரணத்தையும் விளைவையும் தலைகீழாக மாட்டியதாகிவிடும். மாரியலில் அந்தச் சிக்கல் குறைவு. 1980 ஏப்ரலில் பிடல் காஸ்ட்ரோ மாரியல் துறைமுகம் வழியாக வெளியேற அனுமதித்தார். அக்டோபருக்குள் சுமார் 1,25,000 கியூபர்கள் படகில் ஃபுளோரிடா வந்து சேர்ந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் மியாமியில் தங்கினார்கள். நகரின் தொழிலாளர் தொகை சில மாதங்களில் 7% அளவுக்குக் கூடியது. அவர்களைக் கொண்டுவந்தது மியாமியின் கூலி இல்லை, ஹவானாவின் அரசியல்.

இதில் மூன்று கட்டமாகச் சண்டை நடந்திருக்கிறது.

1990: டேவிட் கார்ட் மியாமியை அட்லாண்டா, லாஸ் ஏஞ்சலஸ், ஹூஸ்டன், டாம்பா–செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகியவற்றோடு ஒப்பிட்டார். திறன் குறைந்த உள்ளூர்த் தொழிலாளரின் கூலியிலோ வேலையின்மையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று கண்டார்.

2017: ஜார்ஜ் போர்ஹாஸ் அதே நகரத்தை மறுபடி எடுத்து, உயர்நிலைப் பள்ளி முடிக்காத, 25 முதல் 59 வயதுள்ள, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வழிவந்தோர்) அல்லாத ஆண்களை மட்டும் பிரித்துப் பார்த்தார். கூலி 10 முதல் 30% வரை வீழ்ந்தது என்றார்.

2019: ஜியோவான்னி பெரியும் வசில் யசெனோவும் பெரிய மாதிரியையும் வேறு ஒப்பீட்டு முறையையும் வைத்துப் பார்த்து, குறிப்பிடத்தக்க வீழ்ச்சி இல்லை என்றார்கள். மைக்கேல் கிளெமென்ஸும் ஜெனிஃபர் ஹண்ட்டும் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள்: அந்தக் காலகட்டத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை விடுபட்டவர்களைச் சேர்க்க எடுத்த முயற்சியால், போர்ஹாஸின் சிறிய மாதிரியில் கறுப்பின ஆண்களின் பங்கு கூடியிருந்தது. அவர்களின் சராசரிக் கூலி ஏற்கெனவே குறைவு. யாருடைய கூலியும் குறையாமலே சராசரி மட்டும் இறங்கிவிடும்.

பெரும்பாலான மாணவர்கள் இங்கே ‘இவ்வாறு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது’ என்று எழுதி அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். மார்க் அந்த இடத்தில்தான் நழுவுகிறது. வேறுபாடு கருத்தில் இல்லை, யாரை எண்ணினார்கள் என்பதில் இருக்கிறது. ஒரு சின்ன அட்டவணை போடுங்கள்: யாருடைய கூலி, எந்த ஊர்களோடு ஒப்பீடு, ஆண்டுக்கு எத்தனை பேர் மாதிரியில். போர்ஹாஸின் குழுவில் மியாமிக்கு ஆண்டொன்றுக்கு இருபது பேர் சுற்றித்தான் வருவார்கள் என்பதை அட்டவணையின் மூன்றாவது நெடுவரிசையில் பார்த்தவுடன் வாசகருக்கே விஷயம் புரிந்துவிடும்.

இன்னொன்று. கார்டுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்ததை வாதமாக்க வேண்டாம். பரிசு வாங்கியதால் மியாமி எண் சரியாகிவிடாது.

---

முக்கோணம்:

மேலே சொன்னது சான்றுப் பகுதி. கோட்பாட்டுப் பகுதியில் ‘குடியேற்ற உபரி’ கணக்கைப் போடுங்கள், அதாவது குடியேற்றத்தால் உள்ளூர் மக்களுக்கு மொத்தத்தில் மிஞ்சும் ஆதாயம். நாலு வரிதான். உங்கள் வகுப்புச் சண்டைக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

அமெரிக்காவுக்குப் பாடநூலில் வழக்கமாக எடுக்கும் எண்கள்: நாட்டு வருமானத்தில் உழைப்பின் பங்கு 0.7. தொழிலாளர் தொகை 10% கூடினால் கூலி 3% இறங்கும், அதாவது 0.3. தொழிலாளரில் குடியேறியோர் பங்கு 0.1.

உள்ளூர் மக்களுக்கு மொத்தமாகக் கிடைக்கும் நிகர ஆதாயம்:
½ × 0.7 × 0.3 × 0.1 × 0.1 = 0.00105. நாட்டு வருமானத்தில் சுமார் 0.1%.

உள்ளூர்த் தொழிலாளரிடமிருந்து மூலதனம் வைத்திருப்பவர்களுக்குக் கைமாறுவது (0.9 என்பது தொழிலாளரில் உள்ளூர்க்காரர் பங்கு):
0.7 × 0.3 × 0.1 × 0.9 = 0.0189. சுமார் 1.9%.

தேவை–அளிப்புப் படத்தில் முதலாவது ஒரு சின்ன முக்கோணம், இரண்டாவது ஒரு பெரிய செவ்வகம். செவ்வகம் முக்கோணத்தைப் போல 18 மடங்கு. நாடு மொத்தத்துக்கும் ஆதாயம் என்று ஒருவர் சொல்வதும், எங்களுக்கு நஷ்டம் என்று இன்னொருவர் சொல்வதும் இந்த ஒரே படத்துக்குள் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. அரசியல் முக்கோணத்துக்காக நடப்பதில்லை, செவ்வகத்துக்காக நடக்கிறது. ஆகவே அரசியலுக்குத் தனியாக ஒரு வாசல் தேட வேண்டாம், படத்தை விளக்கும்போதே உள்ளே வந்துவிடும்.

படத்தில் வழக்கமாக வரும் பிழைகள்: உழைப்பு அளிப்பைச் சாய்கோடாக வரைவது (இந்த எளிய வடிவத்தில் செங்குத்துக் கோடு, அது வலப்பக்கம் நகர்கிறது). குடியேறியவர்கள் சம்பாதிக்கும் கூலியையும் சேர்த்து உள்ளூர் ஆதாயம் என்று நிழலிடுவது. மொத்த உற்பத்தி கூடியது என்பதை உள்ளூர்க்காரர் வருமானம் கூடியது என்று எழுதுவது.

இவற்றைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. மேலே உள்ள கணக்கு முதலீடு மாறாது என்று வைத்துப் போட்டது. நாளடைவில் ஆட்கள் கூடியதைப் பார்த்து முதலீடும் வந்தால் கூலி பழைய இடத்துக்குத் திரும்பும். ஆனால் அப்போது முக்கோணமும் மறைந்துவிடும்! ‘நீண்ட காலத்தில் கூலி இழப்பு இல்லை’, ‘நாட்டுக்கு உபரி கிடைக்கிறது’ இரண்டையும் ஒரே மாதிரித் தொழிலாளர் என்ற அனுமானத்தில் அடுத்தடுத்த வரியில் எழுதக் கூடாது. இரண்டும் வேண்டுமென்றால் திறன்படி தொழிலாளரைப் பிரிக்க வேண்டும். ஜியோவான்னி பெரியும் சாட் ஸ்பார்பரும் 2009ல் காட்டியது அங்கே பயன்படும்: உடலுழைப்பு வேலைக்குக் குடியேறியவர்கள் வந்தபோது, படிப்பு குறைந்த உள்ளூர்க்காரர்கள் பேச்சும் மொழியும் வேண்டிய வேலைகளின் பக்கம் நகர்ந்தார்கள்.

---

எல்லையோரம்:

சிவப்புமை சொன்னதில் ஒரு இடத்தில் உடன்பாடில்லை. மாரியலை மட்டும் வைத்து எழுதினால் ‘பாதிப்பே இல்லை’ என்ற பக்கம் கட்டுரை தானாகச் சாய்ந்துவிடும். எதிர்ப்பக்கத்துக்கும் நல்ல சான்று இருக்கிறது.

1991ல் ஜெர்மனி தன் எல்லையோர மாவட்டங்களில் செக் நாட்டவர் வேலை செய்ய அனுமதித்தது. வேலை செய்யலாம், குடியிருக்க முடியாது. காலையில் வந்து மாலையில் எல்லை தாண்டிப் போய்விடுவார்கள். டஸ்ட்மன், ஷோன்பெர்க், ஸ்டூலர் மூவரும் 2017ல் வெளியிட்ட ஆய்வுப்படி, அந்த மாவட்டங்களில் உள்ளூர்க்காரர் கூலி ஓரளவு குறைந்தது. உள்ளூர்க்காரர் வேலைவாய்ப்பு அதைவிட அதிகமாகக் குறைந்தது.

மியாமியில் தெரியாதது இங்கே ஏன் தெரிந்தது? செக் தொழிலாளி சம்பளத்தை ஊருக்குக் கொண்டுபோய்விடுகிறார். மியாமிக்கு வந்தவர் அங்கேயே வீடு பிடித்தார், முடி வெட்டிக்கொண்டார், மளிகை வாங்கினார். உழைப்பு அளிப்போடு உழைப்புத் தேவையும் கூடியது. அந்தத் தேவை எங்கே போய் முட்டியது என்பதற்கும் எண் இருக்கிறது: 1979க்கும் 1981க்கும் இடையில் மியாமி வாடகை ஒப்பீட்டு நகரங்களைவிட 8 முதல் 11% கூடுதலாக ஏறியது என்று ஆல்பர்ட் சைஸ் கணக்கிட்டார். கூலிக் கோட்டில் காணாத வலி வாடகைக் கோட்டில் இருக்கிறது. அரசியல் எழுத இது நல்ல இடம்.

ஆட்களை வெளியேற்றினால் என்ன ஆகும் என்பதற்கு பிராசெரோ திட்டம். 1942 முதல் மெக்சிகோ விவசாயத் தொழிலாளரை அமெரிக்காவுக்குப் பருவகாலத்துக்குக் கொண்டுவந்த ஏற்பாடு. உள்ளூர்ப் பண்ணைக் கூலி உயரும் என்ற எதிர்பார்ப்போடு 1964 இறுதியில் நிறுத்தினார்கள். ஆனால் பிராசெரோக்கள் நிறைய இருந்த மாநிலத்திலும் இல்லாத மாநிலத்திலும் கூலி ஒரே போக்கில்தான் நகர்ந்தது என்று கிளெமென்ஸ், லூயிஸ், போஸ்டல் 2018ல் காட்டினார்கள். கலிபோர்னியாவில் தக்காளி பறிக்க இயந்திரம் வந்தது. இயந்திரத்துக்கு ஒத்துவராத சில பயிர்களின் சாகுபடி சுருங்கியது. ‘போனவர்களின் வேலை அப்படியே உள்ளூர்க்காரருக்கு வரும்’ என்று எண்ணுவது, நாட்டில் வேலைகளின் எண்ணிக்கை ஒரே அளவில் நிற்கும் என்ற பழைய தப்பு. அதைக் கோட்பாடாக விளக்குவதைவிடத் தக்காளியை வைத்து இரண்டு வரியில் முடிக்கலாம்.

---

மூன்றாம்பருவம்:

எல்லோருக்கும் நன்றி. வரைவைக் கலைத்தாகிவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம்.

பிரிட்டனில் 2023 ஜூனோடு முடிந்த ஆண்டின் நிகரக் குடியேற்றம் ஒரு இடத்தில் 6,72,000, இன்னொரு இடத்தில் 7,40,000, வேறொன்றில் 9,06,000. மூன்றுமே அரசுப் புள்ளியியல் அலுவலகத்தின் எண் என்கிறார்கள். எது சரி?

‘வேலை பறிபோகும் பயத்தால் பிரிட்டன் மக்கள் பிரெக்ஸிட்டுக்கு வாக்களித்தனர்’ என்று ஒரு வரி வைத்திருக்கிறேன். நிற்குமா?

---

வாக்குப்பெட்டி:

மூன்றும் அதே அலுவலகம் வெளியிட்டவைதான். முதல் மதிப்பீடு 2023 நவம்பர், திருத்தியது 2024 மே, மறுபடி திருத்தியது 2024 நவம்பர். ஆண்டை மட்டும் போட்டு எண் எழுதினால் திருத்துபவர் கையில் வேறு பதிப்பு இருக்கும், நீங்கள் தப்பாக எழுதியதாகத் தெரியும். ‘2024 நவம்பர் வெளியீட்டின்படி’ என்று ஒரு சொற்றொடர் சேர்த்தால் போதும். எந்தத் தலைவர் எந்த மாதத்தில் எந்த எண்ணை வைத்துப் பேசினார் என்பதையும் இதோடு பொருத்திப் பாருங்கள்.

நிகரம் என்பது வந்தவர் கழித்தல் போனவர். வந்தவர் தொகை மாறாமலே போனவர் குறைந்தால் நிகரம் ஏறும். பன்னிரண்டு மாதம் அல்லது அதற்கு மேல் தங்க வருபவர் எல்லாரும் இதில் உண்டு. படிக்க வந்த மாணவரும் உண்டு. கூலிக் கட்டுரையில் இந்த எண்ணை அப்படியே ‘புதுத் தொழிலாளர்’ என்று எழுதிவிடாதீர்கள். ஓராண்டின் வரத்தை, நாட்டில் ஏற்கெனவே இருப்போர் தொகையோடு கலப்பது இன்னொரு வழக்கமான குழப்பம். ஐ.நா. சொல்லும் 2020ன் 28.1 கோடி என்பது உலகில் பிறந்த நாட்டுக்கு வெளியே இருக்கும் அத்தனை பேர், அந்த ஆண்டு கிளம்பியவர்கள் இல்லை.

பிரெக்ஸிட் வரி நிற்காது. குடியேறியோர் பங்கு மிக அதிகமான லண்டன் 59.9% ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வாக்களித்தது. லிங்கன்ஷையரில் உள்ள பாஸ்டன் என்ற சிறிய ஊர் 75.6% வெளியேற வாக்களித்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, கொஞ்ச காலத்தில் எவ்வளவு மாறியது என்பது அங்கே பொருந்துகிறது. பாஸ்டன் காய்கறிப் பண்ணைகள் சூழ்ந்த ஊர். 2004க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர் பெருமளவில் வந்தார்கள்.

2004 மே 1 அன்று புதிய உறுப்பு நாடுகள் சேர்ந்தபோது, வேலைச் சந்தையை உடனே முழுதாகத் திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்றுதான். ஜெர்மனி 2011 வரை அடைத்தே வைத்திருந்தது. பிரிட்டன் அரசுக்காகச் செய்த முன்கணிப்பு ஆண்டுக்கு நிகரம் 5,000 முதல் 13,000 பேர் என்றது. மற்ற நாடுகளும் திறக்கும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. அனுமானம் கைவிட்டுப்போனது, எண் மட்டும் அரசியலில் மாட்டிக்கொண்டு நின்றது. 2500 சொல்லுக்குள் அரசியலுக்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைக்காது.

ஊர்வாரி வாக்குக் கணக்கை வைத்துத் தனிமனிதர் ஏன் வாக்களித்தார் என்று சொல்ல முடியாது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். வெளியேற வாக்களித்த ஊரில் குடியேறியோர் அதிகமாக வந்தார்கள் என்பதுவரைதான் அந்தத் தரவு பேசும்.

வரிப்பணம் பற்றி எழுதினால் எந்த அரசின் கணக்கு என்று சொல்லுங்கள். அமெரிக்கத் தேசிய அகாதமிகளின் 2016 அறிக்கைப்படி, முதல் தலைமுறைக் குடியேறிகளால் செலவு விழுவது பெரும்பாலும் மாநில, உள்ளாட்சி அரசுகளின் தலையில். முக்கியக் காரணம் பிள்ளைகளின் பள்ளிச் செலவு. அதே பிள்ளைகள் வளர்ந்து இரண்டாம் தலைமுறையாகும்போது மக்கள்தொகையிலேயே அதிகம் வரி தருபவர்களில் சேர்கிறார்கள். செலவு இன்றைக்கு ஊராட்சியில், வரவு இருபது முப்பது வருடம் கழித்துப் பெரும்பகுதி மத்திய அரசில். மேயரும் நிதித்துறையும் ஒரே நாட்டில் ஏன் வேறு குரலில் பேசுகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

---

சொற்குற்றம்:

தமிழில் எழுதுவதால் ஒரு கூடுதல் பொறி. ‘குடியேற்றம்’ உள்ளே வருவது, ‘குடிபெயர்வு’ இங்கிருந்து போவது. ஒரே பத்தியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ‘புலம்பெயர் தொழிலாளர்’ என்றால் தமிழ்நாட்டு வாசகர் மனதில் திருப்பூருக்கு வரும் பீகார், ஒடிசா தொழிலாளி வந்து நிற்பார்; ‘புலம்பெயர்ந்தோர்’ என்றால் ஈழத் தமிழர். மியாமிக் கட்டுரையில் இரண்டுமே குழப்பும். ‘குடியேறியோர்’ என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள்.

‘அகதி’, ‘புகலிடம் கோருபவர்’ இரண்டும் சட்டப்படி வேறு. முன்னவருக்குத் தகுதி கிடைத்துவிட்டது, பின்னவரின் மனு நிலுவையில். பிரிட்டனில் புகலிடம் கோருபவர் பொதுவாக வேலை செய்ய முடியாது. ஓராண்டுக்கு மேல் தாமதமானால் அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட வேலைகளுக்குத்தான். ஆங்கிலக் கால்வாயில் வரும் படகுகளைக் காட்டிவிட்டு அடுத்த வரியில் கூலி குறைந்தது என்று எழுதினால் இடையில் ஒரு கண்ணி அறுந்திருக்கும்.

‘வந்தேறி’ வேண்டாம், மேற்கோளாக இருந்தாலொழிய. ‘சட்டவிரோதக் குடியேறி’, ‘ஆவணமற்ற குடியேறி’ இரண்டில் எதைப் போட்டாலும் ஒரு பக்கம் சாய்வுதான். எந்தப் பொருளில் எடுத்தீர்கள் என்று முதல் இடத்தில் சொல்லிவிடுங்கள். விசா முடிந்தும் தங்கியவரும் எல்லையை மறைவாகத் தாண்டியவரும் அந்தச் சொல்லுக்குள் சேர்ந்தே இருக்கிறார்கள்.

---

சிவப்புமை:

எல்லையோரம் சொன்னது சரி, செக் வழக்கைச் சேருங்கள். அப்படியானால் சொல் பங்கீடு இப்படி வரும்: முன்னுரை 150, படமும் உபரிக் கணக்கும் 350, மாரியல் 750, செக் எல்லையும் பிராசெரோவும் 400, அரசியல் 600, முடிவு 250. பிராசெரோவுக்கு இடம் போதாவிட்டால் அதை வெட்டுங்கள், மாரியல் அட்டவணையை வெட்டாதீர்கள்.

‘இருபக்கமும் சமமாக’ என்ற மூன்றாவது கட்சிக்கு ஒரு பதில் பாக்கி. உங்கள் கருத்தைச் சொல்லலாம், ஆனால் அளவுகோலை முன்னுரையிலேயே அறிவித்துவிட வேண்டும். உள்ளூர்த் தொழிலாளியின் கூலி மட்டுமா, குடியேறியவரின் ஆதாயமும் சேர்த்தா, அவர் விட்டுவந்த ஊரும் கணக்கில் உண்டா? தலைப்பு உள்ளூர்த் தொழிலாளி என்கிறது, அதையே எடுங்கள். மற்ற இரண்டையும் ஏன் விட்டீர்கள் என்று ஒரு வாக்கியம். முடிவுரையில் வந்து திடீரென்று ‘மனிதநேய அடிப்படையில்’ என்று அளவுகோலை மாற்றினால் அதுவரை செய்த கணக்கு வீணாகும்.

முடிவு வாக்கியம் ‘குறைக்கிறது’ என்றோ ‘குறைப்பதில்லை’ என்றோ ஒற்றைச் சொல்லில் வர முடியாது. உங்கள் சான்று தாங்குவது ஏறக்குறைய இவ்வளவு: வந்தவர்கள் அதே ஊரில் குடியிருந்து செலவழித்த இடத்தில் சராசரிக் கூலி அசையவில்லை, வேலை மட்டும் செய்துவிட்டுத் திரும்பிய இடத்தில் உள்ளூர் வேலைவாய்ப்பு குறைந்தது, பள்ளி முடிக்காதவர்களின் நிலை மாதிரி அளவுச் சண்டையில் இன்னும் தீரவில்லை. பத்து வருடத்துக்கு மேற்பட்ட காலத்தில் மொத்தக் கூலியில் பாதிப்பு மிகச் சிறிது, இருந்தால் அது முன்னால் வந்த குடியேறிகள் மீதும் பள்ளி முடிக்காத உள்ளூர்க்காரர் மீதும் விழும் வாய்ப்பு அதிகம் என்று 2016 அறிக்கையும் சொல்கிறது. முன்னால் வந்த குடியேறிகள் என்பதைக் கவனியுங்கள். அரசியல் மேடையில் அவர்களைப் பற்றி இரு தரப்பும் பேசுவதில்லை; உங்கள் அரசியல் பகுதியை அங்கிருந்தே தொடங்கலாம்.